காணாமல் போன முனை

ஊசி உடைந்தால் முனையைத் தேடிக் கொண்டுவந்து காட்ட வேண்டும். தையல் கூடத்தில் மற்ற சட்டங்கள் வளையும், நெளியும். இது வளையாது. தாமதமாக வந்தால் ஒரு முறைப்பு. கோணலாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம். முனையில்லாமல் வந்தால் வரிசை முழுவதும் நிற்கும்.

காட்டுவதற்கு ஒரு முறை இருந்தது. கண்ணாடி அக்காவின் மேசையில் எப்போதும் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு இருக்கும். உடைந்த ஊசியின் மேல்பாதியை மிஷினிலிருந்து கழற்றி அதில் வைக்க வேண்டும். பக்கத்தில் முனையை வைக்க வேண்டும். அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, இரண்டையும் நகத்தால் தள்ளிச் சேர்த்துப் பார்ப்பார். இடையில் ஒரு துணுக்கும் குறையவில்லை என்றால் டிராயரைத் திறந்து புது ஊசி கொடுப்பார். திட்ட மாட்டார். ஏன் உடைந்தது என்றுகூடக் கேட்க மாட்டார்.

அங்கே தைத்தது பச்சைக் குழந்தைகளுக்கான சட்டை. ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற சரக்கு.

"பொறந்து கண்ணு தெறக்காத புள்ள. நெஞ்சுல ஊசி குத்தினா அது வாயத் தொறந்து சொல்லுமா? அழும். பசிக்கு அழுதுன்னு பெத்தவ எடுத்து நெஞ்சோட அணைப்பா. இன்னும் உள்ள எறங்கும்" என்று சேர்ந்த அன்று எல்லோரிடமும் அக்கா சொல்வார். அதற்குப் பிறகு யாருக்கும் அந்தச் சட்டத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை.

கூடம் முன்பு விதைக் கிடங்காக இருந்தது. தகரக் கூரை. சுவரோரம் இன்னும் பூச்சிமருந்து வாடை. பெண்களே சேர்ந்து நடத்திய இடம் அது. வேலை செய்கிறவள்தான் பங்குக்காரி. கண்ணாடி அக்கா மட்டும் டவுனிலிருந்து வந்து பொறுப்பாக இருந்தார். மர முக்காலிகள் கடினம் என்பதால், ஒவ்வொருத்தியும் வெட்டிப்போட்ட துணித்துண்டுகளைத் திணித்துத் தனக்கென்று ஒரு திண்டு தைத்துக்கொண்டாள். வருஷக்கணக்கில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றும் அவளவள் வடிவத்துக்கு வந்திருந்தது.

ஒருத்தி ஒரு வேலைதான் செய்வாள். தோளை இணைப்பவள் தோள். கையை வைப்பவள் கை. ஓரம் அடிப்பவள் ஓரம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கமே போய்விட்டது. "கை இன்னும் வரலையா?" "ஓரத்துக்கு இன்னைக்கு ஜுரமாம்." கழுத்துப் பட்டி வைக்கிறவள் கழுத்துக்காரி. முடிச்சு நாடா தைக்கிறவளுக்கு மட்டும் வேறு பெயர். ரேடியோ. காலையில் மிஷின் ஓடத் தொடங்கும்போது வாயைத் திறந்தால், பூட்டுகிற வரை மூட மாட்டாள்.

கழுத்துக்காரியை அங்கே கொண்டுவந்து சேர்த்தவள் அவளுடைய நாத்தனார், கை வைக்கிறவள். கணவனின் அக்கா. கல்யாணம் ஆகாமல் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டவள். தம்பி மாவு மில்லில் நாள் முழுக்கச் சாக்கு பிடிப்பவன். தாய் கட்டிலில் உட்கார்ந்தபடி வீட்டை ஆள்பவள். தலையிலிருந்து கால்வரை மாவோடு வரும் தம்பிக்கு வெந்நீர் வைப்பது, தாய்க்குக் கால் பிடிப்பது, இரண்டும் நாத்தனார் பொறுப்பு. தம்பி பெண்டாட்டி வந்த பிறகு வேலை பாதியானது. பேச்சுத் துணைக்கு ஒரு ஆளும் கிடைத்தாள்.

அந்த வீட்டில் உடைந்த பொருளை யாரும் வெளியே காட்ட மாட்டார்கள். மாமியாரிடம் வெள்ளைப் பீங்கான் தட்டுகள் ஒரு செட் இருந்தது. மேல் அலமாரியில் இருக்கும். விருந்தாளி வந்தால் இறங்கும். அவற்றில் ஒன்றைக் கழுவும்போது மருமகளான கழுத்துக்காரி கைதவற விட்டாள். மாமியார் உள்ளேயிருந்து, "என்ன அங்க சத்தம்? என்னத்த உடைச்சீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல அத்தை, மூடி விழுந்துது" என்றாள் மருமகள். துண்டுகளைப் பொறுக்கி வீட்டுக்குப் பின்னால் புதைத்தாள். கொஞ்ச நாளில் கோழிகள் கிளறி எடுத்துவிட்டன.

அன்று கணவன் சாப்பிட உட்காரவில்லை. மண் ஒட்டிய துண்டுகளைக் கழுவி, அவள் தட்டில் சோற்றின் மேல் பரப்பி, முன்னால் வைத்தான். "சாப்பிடு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு சொன்னான். மாமியாரும் சிரித்தாள். சின்ன மகள் என்னவென்று புரியாமல் சேர்ந்து சிரித்தாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நாத்தனார் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில், "கூடத்துல கழுத்துக்கு ஆள் வேணுமாம். வர்றியா?" என்றாள்.

கூடத்தில் முதல் ஊசி உடைந்த நாள் கழுத்துக்காரி முனையை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டாள். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் அதக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் தானாக இறங்கியது. நாத்தனார் பார்த்துவிட்டாள்.

"என்னடி மெல்லுற?"

அவள் வாயைத் திறந்து காட்டினாள்.

"அடிப் பைத்தியமே! துப்புடி. முழுங்கித் தொலைச்சா? கொண்டு போய்க் குடு. உடைஞ்சதக் குடுத்தா புதுசு குடுப்பாங்க இங்க."

கொடுத்தாள். தட்டில் இரண்டு துண்டும் சேர்ந்தன. டிராயர் திறந்தது. புது ஊசியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு அவள் தன் இடத்துக்குத் திரும்பினாள். உடைத்ததைச் சொன்னவளுக்குப் புதிது கிடைக்கிற ஒரு இடம் உலகத்தில் இருக்கிறது என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அவள் மகளை அழைத்துக்கொண்டு தனியாக ஒரு அறைக்குப் போனாள். ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு, உள்ளேயிருந்து தாழ் போடுகிற ஒரு கதவு. போன முதல் நாள் மகள் கதவைத் திறந்து திறந்து தாழ் போட்டு விளையாடினாள். அவளும் ஒரு முறை போட்டுப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிச் சரக்கு பெருகியது. அவசரம் கூடியது. முனை கிடைக்கவில்லை என்று ஒருத்தி சொன்னால், மேசையில் இருக்கிற சட்டைக் கட்டு முழுவதையும் ஒதுக்கிவிடுவார்கள். எல்லோரும் எழுந்து தேட வேண்டும். சரக்கு ஏற்ற மாலையில் வந்த வண்டி காத்திருக்கும். பெரும்பாலும் முனை தரையில்தான் கிடக்கும், கடைசியில். அதற்குள் பாதி நாள் போயிருக்கும்.

அதற்கு நாத்தனார் ஒரு வழி கண்டுபிடித்தாள். கடைத்தெருவில் சட்டை தைக்கிற ஒரு தையல்காரர் இருந்தார். கடையைக் கூட்டும்போது உடைந்த முனைகள் குப்பையோடு வரும். நாத்தனார் ஒரு காந்தத் துண்டோடு போய் அந்தக் குப்பையைக் கிளறுவாள்.

"எதுக்கும்மா இது?" என்றார் தையல்காரர்.

"மாமியாருக்கு ரசத்துல போட."

"உனக்கேது மாமியார்?"

"அதான், வர்றதுக்கு முன்னாலயே சேத்து வைக்கிறேன்."

தைலம் தீர்ந்துபோன ஒரு சின்ன டப்பாவில் விதவிதமான நீளத்தில் முனைகள் சேர்ந்தன. கொஞ்சம் தேடியும் கிடைக்காதவள் நாத்தனாரைப் பார்ப்பாள். டப்பா கைமாறும். மேல்பாதியோடு ஒட்டிப்பார்த்துப் பொருந்துகிற ஒன்றை எடுத்துக்கொள்வாள். தட்டில் வைப்பாள். மாலையில் கூட்டும்போது நிஜ முனை தரையில் கிடைத்தால், அது டப்பாவுக்கு வரும். கிடைக்காத நாளும் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. யாரும் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை. ரேடியோகூட வாயைத் திறந்ததில்லை. அந்தப் பெண்கள் தங்களுக்குள் சேர்ந்து வைத்திருந்த ஒரே ரகசியம் அதுதான். அதில் அவர்களுக்கு ஒரு பெருமையும் இருந்தது.

ஒரு நாள் மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. தகரக் கூரையில் மழை என்றால் பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். விளக்கு மங்கி மங்கி எரிந்தது. மறுநாள் வண்டி வருகிறது. கழுத்துக்காரி தோள் தையல் தடித்து வரும் இடத்தில் பட்டியைத் திருப்பினாள். மிஷின் ஒரு முறை விக்கியது. ஊசி பாதியாக நின்றது.

வழக்கமாக முனை தெறிக்கும்போது ஒரு சிறு சத்தம் வரும். மேசையில், தரையில், இரும்பில் என்று சத்தத்திலேயே சொல்லிவிடலாம். மழையில் எதுவும் கேட்கவில்லை. மடியைத் தட்டினாள். மேசையைத் தடவினாள். கீழே குனிந்தாள். கையிலிருந்த சட்டையை உதறினாள். தைத்து முடித்த சட்டைகள் பக்கத்தில் குவிந்து கிடந்தன. அவற்றின் மேல் கை வைத்தாள். பிரித்துப் பார்க்காமலே கையை எடுத்தாள்.

நாத்தனார் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் டப்பாவை நீட்டினாள்.

கழுத்துக்காரி அதுவரை அந்த டப்பாவைத் தொட்டதில்லை. தேடினால் அவளுக்கு எப்போதும் கிடைத்துவிடும். அன்று திறந்தாள். இரண்டாவதாக எடுத்ததே பொருந்தியது. அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது. கண்ணாடி அக்கா தட்டில் பார்த்தார். இரண்டு துண்டையும் தன் சிறு புட்டியில் போட்டார். டிராயர் திறந்தது.

மழை ஓய்ந்ததும் கூட்டினார்கள். வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து போயிருந்தது. தரையில் ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் மகளுக்குச் சட்டை மாட்டிவிட்டாள். கொடியில் காய்ந்த சட்டை.

"அம்மா, குத்துது."

அவள் கை அப்படியே நின்றது.

"எங்க குத்துது?"

"இங்க. நெஞ்சுல."

சட்டையைக் கழற்றித் திருப்பினாள். காற்றில் பறந்துவந்து ஒட்டிய ஒரு காய்ந்த புல் முள். எடுத்துப் போட்டாள். மகள், "போச்சு" என்று சிரித்தபடி மறுபடி கையை நீட்டினாள். அவளுக்குச் சட்டையை மாட்ட வரவில்லை. கழுத்து எது, கை எது என்று துணி குழம்பியது.

நாத்தனார் வழக்கம்போல் பாலத்தடியில் காத்திருந்தாள். சேற்றில் செருப்பு ஒட்டாமல் இருக்கக் கையில் எடுத்துக்கொண்டு இருவரும் நடந்தார்கள்.

"அண்ணி, நேத்து தட்டுல வச்சது என் முனை இல்ல."

"தெரியாதா எனக்கு? குடுத்தவளே நான்தானே."

"என்னுது கிடைக்கவே இல்ல."

"தண்ணியோட போயிருக்கும். இந்நேரம் எந்த மீனுக்குத் தொண்டையில மாட்டியிருக்கோ."

"சட்டைக்குள்ள இருந்தா?"

"இருக்காது."

"இருந்தா?"

நாத்தனார் நின்றாள். "எத்தனை பேருக்கு அந்த டப்பாவ நீட்டியிருக்கேன். எவ சட்டையில இருந்துது? எந்தப் புள்ள அழுதுது?"

"அழுதா நமக்குக் கேக்குமா அண்ணி?"

நாத்தனார் மறுபடி நடக்கத் தொடங்கினாள். கொஞ்சத் தூரம் போன பிறகு பேசினாள். குரல் தாழ்ந்திருந்தது.

"உனக்கு ஒரு ரூம் இருக்கு. ஒரு கதவு இருக்கு. நான் இன்னும் அந்த வீட்லதான் இருக்கேன். முன்னாடியெல்லாம் ரெண்டாவது வாட்டி சோறு போட்டுக்கிட்டா, அம்மா சட்டியோட அடியப் பாப்பா. வாயால ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. அடியப் பாப்பா. நான் கூடத்துக்குச் சம்பாதிக்க வந்தப்புறம் பாக்கறத நிறுத்திட்டா. வயிறு நெறைய சாப்பிடறேன்டி. இந்த வயசுல. அது உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சுமா?"

"உங்க பேர நான் சொல்ல மாட்டேன். டப்பாவப் பத்தி மூச்சு விட மாட்டேன். என் முனை கிடைக்கல, பழசு ஒண்ண வச்சிட்டேன்னு மட்டும் சொல்றேன். நேத்து தச்ச கட்ட மட்டும் பிரிச்சுப் பாப்பாங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னு நீ நினைக்கிற."

"வேற என்ன ஆகும்?"

நாத்தனாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. ஏதோ ஆகும் என்று மட்டும் தெரிந்திருந்தது. "சொல்லாத புள்ள" என்றாள். "உன் கையப் புடிச்சுக் கேக்கறேன்." நிஜமாகவே பிடித்தாள். சேறு இருந்தது இருவர் கையிலும்.

கழுத்துக்காரி கையை உருவிக்கொள்ளவில்லை. கூடத்து வாசல்வரை அப்படியே வந்தார்கள். உள்ளே போனதும் அவள் தன் முக்காலிக்குப் போகவில்லை. நேராக மேசைக்குப் போனாள்.

"அக்கா, நேத்து உடைஞ்ச ஊசிக்கு முனை கிடைக்கல. வேற ஒண்ண வச்சேன்."

கண்ணாடி அக்கா நிமிர்ந்தார். கோபம் இல்லை. "நல்லவேளை சொன்னே. வண்டி வர நேரமிருக்கு. நேத்துக் கட்ட எடுத்து வைங்க, பாத்துடலாம்" என்று எழுந்தார். பாதி எழுந்தவர் நின்றார்.

"வேற ஒண்ணுன்னா? அந்த முனை உன்கிட்ட எப்படிம்மா வந்துது?"

"வச்சிருந்தேன்."

"எதுக்கு வச்சிருந்தே?"

அக்கா கூடத்தைப் பார்த்தார். ஒரு மிஷின்கூட ஓடவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் விரலைப் பார்த்தார்கள். ரேடியோ வாயை மூடியிருந்தாள். அதிலிருந்தே அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

மேசையிலிருந்த வெள்ளைத் தட்டை எடுத்தார். இதுவரை பார்க்காத பொருள்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இத்தனை நாளா இதுல வச்சதெல்லாம்?"

கழுத்துக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் ஒரு கட்டைப் பற்றித்தான் யோசித்திருந்தாள். ஒரு முனை பொய் என்றால் தட்டே பொய் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. இதுவரை போன சட்டைகள் எல்லாம், எங்கெங்கோ குழந்தைகள் போட்டிருக்கிற சட்டைகள் எல்லாம், அந்த நிமிஷத்தில் திரும்பி வந்து கூடத்தை நிரப்பின.

ரேடியோதான் முதலில் அசைந்தாள். "அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போன் கீன் பண்ணிடாதீங்கக்கா. நாங்க தேடறோம். கிடைச்சிடும்."

"தேடுங்க" என்றார் அக்கா. "கிடைச்சா தப்பு நடந்துது, கண்டுபுடிச்சிட்டோம்னு சொல்வேன். கிடைக்கலைன்னா கிடைக்கலைன்னு சொல்வேன். சொல்லாம இருக்க முடியாது. போட்டுக்கறது கைக்குழந்தை."

தேடினார்கள். காந்தத்தைத் தரையில் ஓட்டினார்கள், மேசைக்கடியில் ஓட்டினார்கள், மிஷினின் வயிற்றைத் திறந்து எண்ணெய்க்குள் விட்டு ஓட்டினார்கள். திண்டுகளை வெளியே கொண்டுபோய் உதறினார்கள். தூசி பறந்தது. பிறகு சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதலில் உள்ளங்கையால் தடவினார்கள். தைத்துத் தைத்துக் காய்த்துப்போன கைகள். எதுவும் உறைக்கவில்லை. மணிக்கட்டின் உள்பக்கத்தால் தடவினார்கள். அப்புறம் ஓரக்காரி ஒரு சட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். எல்லோரும் அப்படியே செய்தார்கள்.

குழந்தையில்லாத சட்டைகளைக் கன்னத்தோடு அணைத்து அத்தனை பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனாரும் வைத்திருந்தாள். கண்ணை மூடியிருந்தாள்.

முனை கிடைக்கவில்லை. வண்டி வெறுமனே திரும்பியது. அக்கா போன் செய்தார்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் சண்டை போடவில்லை. மரியாதையாகப் பேசினார்கள். முன்பு போன சரக்கெல்லாம் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. புது வேலை வரவில்லை. அக்கா வேறு ஊர்களுக்கு அலைந்தார். பை தைக்கக் கேட்டுப் பார்த்தார், உறை தைக்கக் கேட்டுப் பார்த்தார். செய்தி அவருக்கு முன்னால் போயிருந்தது. கொஞ்ச நாளைக்கு என்று சொல்லித்தான் கிடங்கைப் பூட்டினார். மிஷின்களுக்குப் பழைய துணி போர்த்தினார்கள். அவரவர் திண்டை அவரவர் எடுத்துக்கொண்டு போனார்கள்.

யாரும் கழுத்துக்காரியைத் திட்டவில்லை. குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நிற்கும், அவ்வளவுதான். ரேடியோ செங்கல் சூளைக்குப் போனாள். ஒரு நாள் வழியில் பார்த்தபோது உதடெல்லாம் செம்மண். நின்றாள்.

"உன் மனசு சுத்தம்டி. நான் இல்லைன்னு சொல்லல. அத வச்சுக்கிட்டு என்னை என்ன பண்ணச் சொல்ற?"

கழுத்துக்காரி கையிலிருந்த துணிப்பையை மறு கைக்கு மாற்றினாள்.

"சூளையில பேசினா வாய்க்குள்ள மண்ணு போகுது. அதனால பேசறதில்ல" என்றாள் ரேடியோ. போய்விட்டாள்.

கிழிசல் தைத்துக் கொடுத்துக்கொண்டு அவள் அந்த அறையில் சில காலம் ஓட்டினாள். கையால்தான் தைத்தாள். தையல் நன்றாகத்தான் இருந்தது. கிழிசலை வெளியே கொடுத்துத் தைத்துக்கொள்கிற வசதி அங்கே எத்தனை பேருக்கு இருக்கும்? மகளுக்குக் காய்ச்சல் வந்து விடாமல் அடித்தபோது கணவன் வந்தான். தலைமுடியில் மாவு அப்படியே இருந்தது. மில்லிலிருந்து நேராக வந்திருந்தான்.

"வண்டி கொண்டாந்திருக்கேன்" என்றான்.

ஒரு குத்தல் பேச்சில்லை. பழசை எடுக்கவில்லை. மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். ஏதாவது சொல்லியிருந்தால் அவள் மறுத்திருப்பாள். ஜெயித்தவன் பேச வேண்டியதில்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவள் பாத்திரங்களைக் கட்டினாள். திண்டையும் எடுத்து வண்டியில் போட்டாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்தாழ் போடுகிற கதவு; வெளியிலிருந்து சும்மாதான் சாத்த முடிந்தது.

பழைய வீட்டில் எதுவும் மாறவில்லை. மாமியார் கட்டிலில் இருந்தாள். வெள்ளைத் தட்டுகள் மேல் அலமாரியில் இருந்தன, ஒன்று குறைய. நாத்தனார் அடுப்படியில் இருந்தாள். இவளைப் பார்த்து, "வா" என்றுகூடச் சொல்லவில்லை.

ஒரே அடுப்படியில் இரண்டு பேர். ஒருத்தி நறுக்கினால் ஒருத்தி வதக்குவாள். பேச்சு கிடையாது. வேண்டியதை மகள் வழியாகக் கேட்டுக்கொள்வார்கள்.

"குட்டி, உங்கம்மாவ உப்ப எடுக்கச் சொல்லு."

"அம்மா, உப்பாம்."

"இந்தா, குடு."

"அத்தை, உப்பு."

மகளுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. சில சமயம் அத்தை சொல்லாததையும் சேர்த்துச் சொல்வாள். "அம்மா, அத்தை உன்னைச் சிரிக்கச் சொன்னா." இரண்டு பேரும் கேட்காத மாதிரி இருப்பார்கள்.

நாத்தனார் இப்போது ஒரு முறைதான் சோறு போட்டுக்கொள்கிறாள் என்பதைக் கழுத்துக்காரி கவனித்தாள். மாமியார் சட்டியின் அடியைப் பார்க்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. கழுத்துக்காரி தனக்குப் போட்டுக்கொள்ளும்போது கொஞ்சம் குறைத்து, நாத்தனாருக்காகச் சட்டியில் விட்டுவைத்தாள். அது அப்படியே இருந்தது. காலையில் கோழிகள் தின்றன.

ஒரு பிற்பகல். மழை வரப் போகிற புழுக்கம். மாமியார் உள்ளே படுத்திருந்தாள். கணவன் மில்லில். நாத்தனார் அடுப்படி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மகள் திண்டைத் தலைக்கு வைத்துத் தரையில் புரண்டுகொண்டிருந்தவள் துள்ளி எழுந்தாள்.

"அம்மா, குத்துது!"

"எங்க?"

"இதுல. தலாணியில."

"புல்லா இருக்கும்."

"புல்லு இல்ல. ரத்தம் வருது பாரு."

காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு ரத்தம். அவள் திண்டை மடியில் வைத்துத் தடவினாள். காய்ப்பெல்லாம் உதிர்ந்து விரல் பழையபடி மிருதுவாகியிருந்தது. உடனே தெரிந்தது. தையல் விளிம்பில், துணியிலிருந்து மயிரிழை அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நகத்தால் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்து உட்கார்ந்து உள்ளே அமுங்கிப்போய், எத்தனையோ நாள் கழித்து மெல்ல மேலே ஏறி வந்திருக்கிறது. ஊசியின் முனை. லேசாகத் துரு ஏறியிருந்தது.

உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். எந்தச் சட்டையிலும் இல்லை. எந்தக் குழந்தையின் நெஞ்சிலும் இல்லை. கூடம் முழுவதும் தேடிய அன்றும் அவளுக்கு அடியில்தான் இருந்திருக்கிறது.

ஒளித்துவிடலாம். வீட்டுக்குப் பின்னால் ஒரு விரல் ஆழம் போதும். இதைக் கோழிகூடக் கிளறி எடுக்காது.

அவள் எழுந்தாள். மேல் அலமாரியை எட்டி மாமியாரின் வெள்ளைத் தட்டு ஒன்றை எடுத்தாள். அடுப்படி வாசலில், வெங்காயத் தோலுக்கு நடுவில், நாத்தனார் முன்னால் வைத்தாள். தட்டில் முனையை வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

நாத்தனார் தட்டைப் பார்த்தாள். வெங்காயம் உரித்த கண்கள் ஏற்கெனவே சிவந்திருந்தன.

"எங்க இருந்துது?"

மகள் வழியாக இல்லாமல் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"திண்டுல."

"உன் திண்டுலயா? நீ உக்காந்திருந்த திண்டுலயா?"

"ஆமா அண்ணி."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது. சத்தமில்லாத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. "இதும் மேல குந்திக்கிட்டுத்தான் ஊர் உலகத்துப் புள்ளைங்களுக்கெல்லாம் அழுதியா?"

"ஆமா."

"சொல்லாம இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

"ஆகியிருக்காது."

"எல்லாரும் இந்நேரம் அங்க உக்காந்து தச்சுக்கிட்டிருப்போம். அவ கத்திக்கிட்டிருப்பா, ரேடியோ."

"ஆமா அண்ணி."

"ஆமா ஆமாங்கற."

நாத்தனார் விரல் நுனியால் முனையைத் தட்டின் நடுவுக்குத் தள்ளினாள். கண்ணாடி அக்கா தள்ளுகிற மாதிரியே தள்ளினாள். பக்கத்தில் மேல்பாதி இருக்க வேண்டிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இத இப்பக் கொண்டு போய்க் குடுத்தா புதுசு குடுப்பாங்களாடி?"

இருவரும் சிரிக்கவில்லை. முதல் தூறல் முற்றத்து மண்ணில் விழுந்தது. நாத்தனார் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். மறுபடி உடைஞ்சா, மறுபடி போய்ச் சொல்லுவியா?"

கழுத்துக்காரி வாயைத் திறப்பதற்குள், உரித்த வெங்காயத்தை எடுக்க மகள் நடுவில் புகுந்தாள். கால் பட்டுத் தட்டு கல்லில் கிணுங்கியது. உடையவில்லை. வெறும் சத்தம்தான்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"என்ன அங்க சத்தம்? என்னத்த உடைச்சீங்க?"

நாத்தனாரின் உதடு தானாகப் பிரிந்தது. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த உதடு. ஒண்ணுமில்லம்மா என்பது அதில் எப்போதும் தயாராக இருக்கும்.

"ஊசி, அத்தை" என்றாள் கழுத்துக்காரி, உள்ளே கேட்கும்படி. "நான்தான் உடைச்சேன்."

மழை இன்னும் வலுக்காத அமைதியில் அது வீடு முழுவதும் கேட்டது. மாமியார் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்கும் சத்தம் வந்தது. செருப்பைத் தேடும் சத்தம். பிறகு நடை.

நாத்தனார் தட்டைப் பார்த்தாள், தம்பி பெண்டாட்டியைப் பார்த்தாள். கை தட்டின் விளிம்புவரை போயிற்று. பிறகு திரும்பி வந்து அடுத்த வெங்காயத்தை எடுத்தது.

தட்டு நடுவில் இருந்தது. யாரும் அதை எடுத்து மறைக்கவில்லை.